‘சாப்பிட்டியா?’ என்ற கேள்வியும் ஏடிஎச்டியும்: பெண்களின் பசி, தட்டு, எடை

மத்தியானம் 3.30 மணிக்கு அம்மா போன் செய்தார். “சாப்பிட்டியா மா?” பதில் சொல்ல நான் எழுந்துபோய்ச் சமையலறைத் தொட்டியைப் பார்க்க வேண்டியிருந்தது. தட்டு கழுவாமல் கிடந்தால் சாப்பிட்டிருக்கிறேன் என்று அர்த்தம். காலையில் மகன் மைலோ பானம் குடித்த குவளை மட்டும்தான் கிடந்தது. மேசையில் 9 மணிக்குப் போட்ட தேநீர் ஆடை கட்டி அப்படியே இருந்தது. “இல்லம்மா, இனிமேத்தான்” என்றேன். அதைச் சொன்னபோதுதான் என் கை நடுங்குவதே எனக்குத் தெரிந்தது.

சிங்கப்பூரில் யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி இதுதான். பக்கத்து வீட்டு மலாய் அக்கா “சுடா மாக்கான்?” என்பார். கீழே காப்பிக்கடை அங்கிள் ஹொக்கியனில் அதையே கேட்பார். நம் ஆட்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எல்லாரும் யோசிக்காமல் பதில் சொல்லிவிட்டுப் போகிற கேள்வி, எனக்கு மட்டும் பரீட்சை மாதிரி இருந்தது.

அன்று இரவு 11.30க்கு வேறொரு கூத்து. வீட்டில் எல்லாரும் படுத்தாயிற்று. ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து, அந்த வெளிச்சத்தில் நின்றபடியே, மிச்சமிருந்த பிரியாணியைப் பெட்டியோடு எடுத்துக் கரண்டியால் சாப்பிட்டேன். சூடுகூடப் பண்ணவில்லை. அது தீர்ந்ததும் தீபாவளிக்கு வந்த முறுக்கு டின். டின்னின் அடி தெரிந்த பிறகுதான் “ஐயோ” என்றிருந்தது. மறுநாள் காலை எடை பார்க்கும் கருவியில் ஏறி நின்று என்னையே திட்டிக்கொண்டேன். ‘இன்றைக்குக் குறைத்துக்கொள்வோம்’ என்று பசியாறாமல் வேலைக்கு உட்கார்ந்தேன். அப்புறம் மறுபடி 3.30 மணி, மறுபடி அம்மாவின் போன்.

இதை வாயைக் கட்டத் தெரியாத என் குணம் என்றே பல ஆண்டு நினைத்திருந்தேன். மகனுக்கு ஏடிஎச்டி (ADHD) என்ற கவனக் குறைபாடு இருக்கலாம் என்று பள்ளியில் சொன்னார்கள். மருத்துவர் கொடுத்த கேள்வித்தாளை நிரப்பும்போது, அவனைப் பற்றி எழுதுகிறேனா என்னைப் பற்றி எழுதுகிறேனா என்று எனக்கே குழப்பம் வந்துவிட்டது. அடுத்த ஆண்டு, 38 வயதில், எனக்கும் அதே பெயர் சொன்னார்கள். பிள்ளைக்குக் கண்டுபிடித்து அதன் வழியாகத் தாய்க்கும் கண்டுபிடிப்பது பெண்களிடம் அடிக்கடி நடப்பதுதான். ஏடிஎச்டி குடும்பத்தில் வலுவாகத் தொடரும் ஒன்று. ஆனால் அதற்கும் என் முறுக்கு டின்னுக்கும் தொடர்பு உண்டு என்று புரிய எனக்கு இன்னும் ஓர் ஆண்டு பிடித்தது. நான் மருத்துவர் இல்லை, ஒரு நிறுவனத்தில் கணக்குப் பார்ப்பவள். படித்தும் கேட்டும் பட்டும் தெரிந்துகொண்டதை, இந்த விஷயத்துக்குப் புதியவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் அந்த நாலெழுத்து

ஏடிஎச்டியைத் தமிழில் கவனக்குறைவு மிகைச்செயல்பாட்டுக் குறைபாடு என்று எழுதுகிறார்கள். பெயர் கொஞ்சம் ஏமாற்றும். கவனமே கிடையாது என்று பொருளில்லை. கவனத்தை வேண்டிய இடத்தில் கொண்டுபோய் வைப்பதும், வேண்டாதபோது எடுப்பதும்தான் சிரமம். ஒரு கணக்கில் பிழையைத் தேடி ஐந்து மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்காருகிற அதே பெண், மின்கட்டணம் கட்ட ஐந்து நிமிடம் உட்கார மாட்டாள். சோம்பேறி என்று பெயர் வாங்குவாள்.

வகுப்பில் நாற்காலி மேல் ஏறிக் குதிக்கிற பையன் என்றுதான் நம் மனத்தில் ஏடிஎச்டிக்கு ஒரு படம் இருக்கிறது. பெண்பிள்ளைகளில் பலர் குதிப்பதில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வேறெங்கோ இருப்பார்கள். ‘திறமை உண்டு, கவனம் போதாது’ என்று ஆசிரியர் எழுதுவார், அப்பா கையெழுத்துப் போடுவார், கதை முடிந்தது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோயறிதல் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு 2013இல் வந்தபோது, அறிகுறிகள் 7 வயதுக்குள் தெரிந்திருக்க வேண்டும் என்ற பழைய விதி 12 வயதாகத் தளர்ந்தது. 17 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு ஆறு அறிகுறிகளுக்குப் பதில் ஐந்து போதும் என்றும் ஆனது. சத்தம் போடாமல் வளர்ந்துவிட்ட பெண்களுக்கு அது சிறிய மாற்றமில்லை.

ஒரு வாய்ச் சோற்றுக்கு எத்தனை படி

சாப்பிடுவதை ஒரே வேலையாக நினைக்கிறோம். பிரித்துப் பார்த்தால் அது நீளமான படிக்கட்டு. பசிக்கிறது என்று தெரிய வேண்டும். கையிலிருக்கும் வேலையை நிறுத்த வேண்டும். என்ன சாப்பிடுவது என்று முடிவெடுக்க வேண்டும். அது வீட்டில் இருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் வாங்கி, இருந்தால் சமைத்து, உட்கார்ந்து சாப்பிட்டு, போதும் என்று தெரிந்ததும் நிறுத்த வேண்டும். ஒவ்வொரு படியிலும் மூளையின் முன்பகுதி மேலாளர் வேலை பார்க்கிறது. திட்டமிடுவது, வரிசைப்படுத்துவது, ஆரம்பிப்பது, அடக்குவது எல்லாம் அதன் பொறுப்பு. ஏடிஎச்டியில் தடுமாறுவது சரியாக இந்த மேலாளர்தான்.

முதல் படியிலேயே எனக்கு வழுக்கும். உடம்புக்குள் நடப்பதை உணர்வது என்று ஒரு திறன் உண்டு. பசி, தாகம், சிறுநீர் முட்டுவது, களைப்பு எல்லாம் அதில் வரும். ஏடிஎச்டி உள்ளவர்கள் பலரிடம் இந்தச் செய்திகள் மங்கலாகவோ தாமதமாகவோ வந்து சேர்கின்றன. வயிறு கூப்பிடாமல் இல்லை. வேறு எதிலோ மூழ்கியிருக்கிற மூளைக்கு அது கேட்பதில்லை. கடைசியில் அது பசியாகவும் வராது. தலைவலியாக வரும், எரிச்சலாக வரும், மகனிடம் காரணமில்லாமல் குரலை உயர்த்துவதாக வரும். பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள். எனக்குப் பத்தும் பறந்த பிறகுதான் வந்தது பசி என்றே தெரியும்.

அடுத்தது நிறுத்துவது. ‘இந்த ஒரு இன்வாய்ஸை முடித்துவிட்டுப் போகலாம்.’ எங்கள் மூளைக்கு நேரம் இரண்டே வகை: இப்போது, அப்புறம். அப்புறம் என்பது பத்து நிமிடமா நான்கு மணி நேரமா என்ற அளவெல்லாம் கிடையாது.

சரி, எப்படியோ எழுந்துவிட்டேன் என்று வையுங்கள். இப்போது என்ன சாப்பிடுவது? சிங்கப்பூர் சாப்பாட்டுக்குப் பேர்போன ஊர், அதுவே என் தொல்லை. கீழே இறங்கினால் காப்பிக்கடை, இரண்டு புளோக் தள்ளி உணவங்காடி நிலையம், கைப்பேசியில் சாப்பாடு வரவழைக்கும் கிராப் செயலி. கோழிச் சோறா, மீ கோரிங்கா, தோசையா, யோங் தாவ் ஃபூவா என்று படம் படமாகத் தள்ளிக்கொண்டே போய், நிமிர்ந்து பார்த்தால் நாற்பது நிமிடம் போயிருக்கும். அதற்குள் சர்க்கரை இறங்கி உடம்பு ஆடும். அந்த நிலையில் யாராவது கீரையும் மீனும் தேர்ந்தெடுப்பார்களா? பொரித்த கோழியும் பபிள் டீயும் வரும்.

வீட்டில் சமைக்கலாமே என்பீர்கள். என் ஃபிரிட்ஜின் அடித் தட்டைக் காட்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தையில் பெரிய உற்சாகத்தோடு வாங்கியவை: முளைக்கீரை இரண்டு கட்டு, முருங்கைக்காய், பிஞ்சுக் கத்தரிக்காய், ஒரு கை கறிவேப்பிலை. இந்த வாரம் முழுக்க வீட்டுச் சாப்பாடு என்று சபதம். அடித் தட்டை மூடியதோடு அவை என் உலகத்திலிருந்து மறைந்துவிட்டன. வெள்ளிக்கிழமை அதைத் திறந்தால், கீரை இருந்த பையில் பச்சைத் தண்ணீர். கத்தரிக்காய் அமுங்கிப் போயிருந்தது. முருங்கைக்காய் மட்டும் விறகு மாதிரி தாக்குப்பிடித்தது. கண்ணில் படாத பொருள் எங்களுக்கு இல்லாத பொருள். அந்தப் பையைக் குப்பையில் போடும்போது வருகிற குற்றவுணர்ச்சி இருக்கிறதே, அதை ஆற்றவே ஒரு கறிபாப் தேவைப்படும்.

கடைசிப் படி, நிறுத்துவது. வயிறு நிறைந்த செய்தி மூளைக்கு எட்ட ஏறக்குறைய 20 நிமிடம் ஆகும். பட்டினி கிடந்தவள், கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே, ஏழு நிமிடத்தில் தட்டைக் காலி செய்தால் அந்தச் செய்தி வருவதற்குள் இரண்டாவது தட்டும் முடிந்திருக்கும்.

முறுக்கு டின்னில் என்ன இருக்கிறது

இதுவரை சொன்னது மறதியும் நேரமும் சம்பந்தப்பட்டது. இன்னொரு பக்கம் டோபமின். மூளையில் ஒரு காரியத்தைச் செய்யத் தூண்டவும், செய்தது நன்றாயிருந்தது என்று பதியவும் உதவும் வேதிப்பொருள் இது. ஏடிஎச்டியில் இந்தப் பாதை மந்தமாக வேலை செய்கிறது. அமெரிக்காவில் 2009இல் வெளியான ஒரு மூளைப்பட ஆய்வு, அதுவரை மருந்தே எடுத்திராத ஏடிஎச்டி உள்ள பெரியவர்களிடம், இந்தப் பாதையில் டோபமின் ஏற்பிகள் குறைவாக இருந்ததைக் காட்டியது.

டோபமினைச் சட்டென்று உயர்த்தும் பொருள்களில் மலிவானது, சட்டப்படி அனுமதிக்கப்பட்டது, எந்நேரமும் கையெட்டும் தூரத்தில் இருப்பது சாப்பாடு. அதிலும் இனிப்பு, உப்பு, எண்ணெய், மொறுமொறுப்பு. ஜிஎஸ்டி கணக்கு முடிக்கிற நாளில் என் வாய் எதையாவது கடித்துக்கொண்டே இருக்கும். அது வயிற்றுப் பசி கிடையாது. சலிப்பில் தூங்கி விழும் மூளை தன்னை எழுப்பிக்கொள்ள முறுக்கைக் கேட்கிறது. கடிக்கிற சத்தமே பாதி மருந்து.

தேநீரும் இந்தக் கணக்கில்தான் வரும். ஒருகாலத்தில் நாளைக்கு நான்கு தே குடித்தேன், நான்கும் கெட்டிப்பாலில். தேயிலையின் கஃபீனும் சர்க்கரையும் சேர்ந்து சற்று நேரம் தலையைத் தெளியவைக்கும், பிறகு இறக்கிவிடும். 2022 டிசம்பர் 30 முதல் கடையில் விற்கும் அடைத்த பானங்களுக்கும், 2023 டிசம்பர் 30 முதல் கடையில் அப்போதே கலந்து தரும் பானங்களுக்கும் இங்கே நியூட்ரி-கிரேட் தரக்குறியீடு வந்தது. 100 மில்லிலிட்டரில் 10 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் அது ‘டி’ தரம். நான் குடித்த பபிள் டீ பலவற்றின் பக்கத்தில் அந்த எழுத்தைப் பார்த்தபோது, தேர்வில் வாங்கிய தரம் மாதிரியே வலித்தது.

இதோடு அவசரக் குணம் சேரும். நினைத்ததற்கும் செய்வதற்கும் நடுவே மற்றவர்களுக்கு ஒரு மூச்சு இடைவெளி இருக்கும். எங்களுக்கு அது சுருங்கியிருக்கும். ‘வேண்டாம்’ என்று நினைப்பதற்குள் கை டின்னுக்குள் போயிருக்கும்.

ஏன் எல்லாம் ராத்திரியிலேயே நடக்கிறது? பகலில் சாப்பிடாத கடன் அப்போதுதான் வட்டியோடு வசூலாகிறது. நாள் முழுக்க அடக்கி அடக்கி மூளை களைத்திருக்கும். வீடு அடங்கிய பிறகு கிடைக்கிற அந்த ஒரு மணி நேரம்தான் தனக்கென்று இருக்கும் நேரம் என்பதால் தூங்கவும் மனம் வராது. ஏடிஎச்டி உள்ளவர்களில் பலருக்கு உடற்கடிகாரமே பின்தள்ளி ஓடுகிறது. தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் கிரெலின் கூடும், போதும் என்று சொல்லும் லெப்டின் குறையும். மறுநாளைக்கான பசிக்கு முதல்நாள் இரவே அடித்தளம் போட்டாயிற்று.

மருந்து எடுப்பவர்களுக்கு இன்னொரு திருப்பம். இங்கே பெரும்பாலும் தரப்படும் மெத்தில்ஃபெனிடேட், பசியை மட்டுப்படுத்தும். காலையில் போடும் நீண்டநேர மாத்திரை 8 முதல் 12 மணி நேரம் வேலை செய்யும். அது இறங்குகிற மாலையில் பசி மொத்தமாகத் திரும்பும். அதைத் தெரியாமல், ‘மருந்தாலும் என் வாய் அடங்கவில்லையே’ என்று அழுத நாள் எனக்கு உண்டு. காரணம் மிகச் சாதாரணம்: மத்தியானம் நான் சாப்பிட்டிருக்கவில்லை.

பெண்ணாக இருப்பதன் கூடுதல் பாரம்

மாதவிடாய்ச் சுழற்சியின் முதல் பாதியில் ஈஸ்ட்ரோஜன் ஏறும், மாதவிடாய்க்கு முந்தைய நாள்களில் சரியும். ஈஸ்ட்ரோஜன் டோபமினுக்குத் துணை நிற்பது. அது இறங்குகிற வாரத்தில் கவனம் சிதறுவதும், இனிப்புக்கு ஏங்குவதும், மருந்து பிடிக்காததுபோல் தோன்றுவதும் ஏடிஎச்டி உள்ள பெண்கள் பலர் சொல்கிற அனுபவம். நாற்பதுகளில் மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய சில ஆண்டுகளில் இந்த ஏற்ற இறக்கம் இன்னும் கரடுமுரடாகும். ‘இவ்வளவு நாள் சமாளித்தேன், இப்போது முடியவில்லை’ என்று அந்த வயதில் மருத்துவரிடம் போய், வாழ்நாள் முழுக்க இருந்த ஏடிஎச்டியை அப்போதுதான் தெரிந்துகொள்கிற பெண்கள் இருக்கிறார்கள்.

வேதியியலைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது வீடு. நம் வீடுகளில் சமையலறை யார் தலையில் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். எனக்கு வேண்டியதை நானே திட்டமிட முடியாத மூளையை வைத்துக்கொண்டு நான்கு பேருடைய மூன்று வேளையையும் நான் திட்டமிட வேண்டும். மாமனாருக்குச் சர்க்கரை, மகனுக்குக் காரம் ஆகாது, கணவருக்கு இரவில் சோறு வேண்டும். எல்லாருக்கும் பரிமாறி முடித்தபோது எனக்குத் திறன் தீர்ந்துபோயிருக்கும். மகன் மிச்சம் வைத்த மூன்று கோழித் துண்டும் அரைத் தோசையும்தான் என் இரவுச் சாப்பாடு, அதுவும் நின்றபடியே. அதைச் சாப்பாடாகவே நான் கணக்கில் எடுத்ததில்லை. பிறகு 11.30க்கு ஃபிரிட்ஜ் திறக்காமல் எப்படி இருக்கும்?

கல்யாண வீட்டில் ஒரு அத்தை வருவார். ஒரு கையால் என் இடுப்பைத் தொட்டு “என்னம்மா, உடம்பு போட்டுட்டியே” என்பார். மறு கையால் என் இலையில் இன்னொரு ஜாங்கிரி வைப்பார். இரண்டுமே பாசம்தான், மறுக்கவில்லை. ஆனால் வீட்டுக்குத் திரும்பியதும் அடுத்த வாரம் முழுக்கப் பட்டினி, வெள்ளிக்கிழமை விரதத்தோடு சேர்த்து இன்னும் இரண்டு நாள் விரதம். ஏடிஎச்டி உள்ளவளுக்குக் கடுமையான பட்டினி வைத்தியம் எரிகிற அடுப்பில் எண்ணெய் மாதிரி. முதல் மூன்று நாள் புதுமையால் அபாரமாக நடக்கும். நான்காம் நாள் சலிக்கும். ஐந்தாம் நாள் டின்.

எடையும் எண்களும்

2016இல் வெளியான, 42 ஆய்வுகளில் இருந்த ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தகவல்களைச் சேர்த்துப் பார்த்த ஒரு பகுப்பாய்வில், ஏடிஎச்டி உள்ள பெரியவர்களில் 28.2 விழுக்காட்டினர் உடல்பருமன் கொண்டிருந்தனர். ஏடிஎச்டி இல்லாதவர்களில் அது 16.4 விழுக்காடு. சிறுவர்களிடையே இடைவெளி குறைவு: 10.3க்கு 7.4. வயது ஏற ஏற இடைவெளி விரிகிறது என்று நான் இதைப் படிக்கிறேன். சிகிச்சையில் இருந்தவர்களிடம் இந்தக் கூடுதல் காணப்படவில்லை என்பதுதான் எனக்கு அதில் முக்கியமான வரி. மறுபக்கம் பாருங்கள்: 28 விழுக்காடு என்றால் மீதி 72 விழுக்காட்டினருக்கு உடல்பருமன் இல்லை. சாப்பிட மறந்து மறந்து எலும்பும் தோலுமாக இருப்பவர்களும் உண்டு. மருந்தால் எடை இறங்கிப் போகிறவர்களும் உண்டு. ஒல்லியாக இருக்கிறாள், அதனால் பிரச்சினை இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது.

நமக்கு ஒரு தனிக் கணக்கும் இருக்கிறது. ஆசியர்களின் உடலில் குறைந்த எடையிலேயே கொழுப்பும் நோய் அபாயமும் கூடுவதால், சிங்கப்பூரில் உடல் எடைக் குறியீட்டெண் 23லிருந்தே மிதமான அபாயமாகவும், 27.5லிருந்து அதிக அபாயமாகவும் கொள்கிறார்கள். 160 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண்ணுக்கு அது ஏறக்குறைய 59 கிலோவும் 70 கிலோவும். 2010 தேசியச் சுகாதார ஆய்வில், 18 முதல் 69 வயதுச் சிங்கப்பூர்வாசிகளில் 11.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது, இந்தியர்களில் 17.2 விழுக்காட்டினருக்கு. பகலில் பட்டினி, இரவில் குவியல் என்ற பழக்கத்தை இந்த உடம்பின் மேல் ஏற்றுவது நல்லதில்லை என்பதற்குத் தனியே விளக்கம் வேண்டியதில்லை.

எல்லா மிகைத்தீனியும் ஒன்றல்ல. வாரத்துக்கு ஒரு முறையாவது, மூன்று மாதங்களுக்கு, கட்டுப்பாடே போய்விட்டது என்ற உணர்வோடு குறுகிய நேரத்தில் மிக அதிகம் சாப்பிடுவது, பசியில்லாமலே சாப்பிடுவது, வெட்கத்தால் தனியே ஒளிந்து சாப்பிடுவது, பிறகு தன்மேல் அருவருப்புக் கொள்வது என்று இருந்தால், அது 2013இலிருந்து தனிப் பெயருள்ள மனநலக் கோளாறு. சாப்பிட்டதை வாந்தியெடுத்து வெளியேற்றுவது இன்னொன்று. இரண்டும் ஏடிஎச்டி உள்ளவர்களிடம் மற்றவர்களைவிட அதிகமாகவே காணப்படுகின்றன. ஏடிஎச்டிக்காகத் தரப்படும் லிஸ்டெக்ஸாம்ஃபெட்டமின் என்ற மருந்தையே, பெரியவர்களின் மிகைத்தீனிக் கோளாற்றுக்கும் தரலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2015இல் அனுமதித்தது. இரண்டின் வேரும் எவ்வளவு அருகே ஓடுகிறது என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்!

என் சமையலறையில் மாறியவை

கண்டுபிடிப்பதற்கு முன்னால் எடைக்காக நான் பார்த்த ஒரு மருத்துவர், “சாப்பாட்டைக் குறைங்க, நடங்க” என்று இரண்டு நிமிடத்தில் அனுப்பிவிட்டார். தப்பான அறிவுரை என்று சொல்ல மாட்டேன். குறைப்பதற்கு முன்னால் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும் என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான். பிறகு ஓர் உணவியல் நிபுணர்தான் அந்தத் திசையைக் காட்டினார். கட்டுப்பாட்டை வளர்க்கப் பார்க்காதே, படிகளைக் குறை என்பது அவருடைய வழி.

ஃபிரிட்ஜில் காய்கறி இப்போது கண்மட்டத் தட்டில், கண்ணாடிப் பெட்டியில். அடித் தட்டில் சாஸ் பாட்டில்களும் ஊறுகாயும், அவை மறந்தாலும் கெடாது. வெட்டி வைத்த காய் வாங்குகிறேன். கொஞ்சம் விலை கூடத்தான், குப்பைக்குப் போன கீரையின் விலையோடு ஒப்பிட்டால் மலிவு. உறைய வைத்த இடியாப்பம், டப்பா மீன், அவித்த முட்டை, கொண்டைக்கடலை டின் எப்போதும் இருக்கும். ஐந்து நிமிடத்தில் தட்டு தயார். அழகாக இருக்காது. என் மாமியார் பார்த்தால் இதெல்லாம் ஒரு சாப்பாடா என்பார். ஆமாம், இதுதான் சாப்பாடு என்று சொல்லப் பழகிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் எப்போதும் மீன் சூப், புதன் தோசை என்று முடிவெடுக்கும் வேலையையே தூக்கிவிட்டேன். மாத்திரை போடுவதற்கு முன்பே பசியாறிவிடுகிறேன், பிறகு பசி வராது என்று தெரிந்ததால். கைப்பேசியில் 12.30க்கு அலாரம். அது வேலை செய்தது இரண்டு வாரம். மூன்றாவது வாரம் கை தானாகவே அதை அணைத்தது, காதுக்கே கேட்காமல். ஓசையை மாற்றினேன், மறுபடி இரண்டு வாரம். தே இப்போது கோசோங், அதாவது சர்க்கரை இல்லாமல், அதற்கு மட்டும் மூன்று மாதம் பிடித்தது. முறுக்கு டின்னை வீட்டைவிட்டு விரட்டவில்லை. ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு டின்னை மூடி மேல் அலமாரியில் ஏற்றிவிட்டு வந்து உட்கார்கிறேன். நாற்காலி போட்டு ஏற வேண்டும் என்பதால் அடுத்த கிண்ணத்துக்கு முன் அந்த மூச்சு இடைவெளி கிடைக்கிறது.

யாரிடம் போவது

முதல் படி பலதுறை மருந்தகம் (பாலிகிளினிக்). அங்கிருந்து பரிந்துரைக் கடிதம் வாங்கினால், அரசாங்க மருத்துவமனைகளின் சிறப்பு மருந்தகங்களிலும் மனநலக் கழகத்திலும் சலுகைக் கட்டணத்தில் பார்க்கலாம். காத்திருக்க வேண்டியிருக்கும். உண்ணுதல் கோளாறு இருக்குமோ என்று சந்தேகம் இருந்தால், சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையில் அதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. ‘அன்லாக்கிங் ஏடிஎச்டி’ என்ற அறக்கொடை அமைப்பு, ஏடிஎச்டி உள்ளவர்களுக்கும் குடும்பத்தாருக்கும் ஆதரவுக் குழுக்கள் நடத்துகிறது. ‘என்னையும் போல ஒருத்தி’ என்று பார்க்கிறபோது வருகிற நிம்மதி பெரிது.

மருத்துவரிடம் எடையை மட்டும் சொல்லாதீர்கள். எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள், எதை மறந்தீர்கள், ராத்திரி என்ன நடந்தது, மாதத்தின் எந்த வாரம் மோசம் என்று ஒரு வாரத்துக்குக் கைப்பேசியில் குறித்துக்கொண்டு போங்கள். மறந்துபோகும் ஆளிடம் குறிக்கச் சொல்கிறேனே என்று எனக்கே சிரிப்பு வருகிறது. தட்டைப் படம் எடுத்தால் போதும், நேரம் படத்திலேயே பதிந்திருக்கும். தைராய்டு, சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை, மனச்சோர்வு, இரும்புச்சத்துக் குறைவு இவையும் களைப்பையும் எடையையும் பசியையும் புரட்டிப் போடும் என்பதால் இரத்தப் பரிசோதனையையும் கேளுங்கள். எல்லாவற்றையும் ஏடிஎச்டி தலையில் கட்டிவிடவும் கூடாது. மருந்து எடுத்தால் எடை கீழே போனாலும் மேலே போனாலும் சொல்ல வேண்டும், நீங்களாக மாத்திரையை நிறுத்த வேண்டாம்.

அலாரம் தோற்ற இடத்தில் ஜெயித்தது வேறொன்று. பக்கத்தில் இன்னொருவர் இருந்தால், போனிலாவது இருந்தால், தள்ளிப்போட்ட வேலையை ஏடிஎச்டி உள்ளவர்கள் எளிதாகத் தொடங்கிவிடுவார்கள். இதை அம்மாவிடம் விளக்கினேன். அங் மோ கியோவில் தனியாக இருக்கிறார், 70 வயது. ஏடிஎச்டி என்ற பெயர் இன்னும் அவர் வாயில் நுழையவில்லை, ‘உன்னோட அந்த நாலெழுத்து’ என்பார். ஆனால் போன் நேரத்தை மட்டும் 3.30இலிருந்து 12.30க்கு மாற்றிக்கொண்டார்.

“சாப்பிட்டியா மா?”

“இதோ போறேம்மா.”

“இதோன்னா? போனை வைக்காத. எழுந்திரு. நாற்காலி சத்தம் எனக்குக் கேக்கணும்.”

நாற்காலியைத் தள்ளுகிறேன்.

“ம். இப்ப ஃபிரிட்ஜைத் திற. என்ன இருக்கு, சொல்லு.”